அன்பின்மை குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஒருபொருட் பன்மொழி எனத் தோன்றும் சொற்கள் பெரும்பாலும் முற்றும் ஒரு பொருளன அல்ல. பொதுப்பொருள் ஒன்றாயினும், ஒவ்வொரு சொல்லும் தனக்கெனச் சிறப்புப் பொருளொன்றை உடையதாயிருக்கும். ஆங்கிலங் கற்கும் நம் மாணவர் இதனை எளிதில் உணர்வதில்லை. அன்கைண்ட், ஹார்ஷ், கலஸ், குரூவல், மலிஷஸ் என்னும் சொற்களுக்கெல்லாம் 'கொடிய' என ஒரே பொருளெழுதி மனனஞ் செய்கின்றனர். அதன் பயனாக, கடிந்து பேசிய ஆசிரியரையும் விலங்கை வதைத்து மகிழ்பவனையும் ஒரு சொல்லாலேயே குறிக்க நேர்கின்றது. ஆதலின் இவற்றின் வேறுபாட்டை ஈண்டு ஒருவாறு நோக்குவோம்.

அன்கைண்ட் என்பதன் அடியாகிய கைண்ட் என்னுஞ் சொல், பழைய ஆங்கிலத்தில் பிறப்பு, இனம், இயற்கை என்பவற்றோடு தொடர்புற்று நின்றது. தன் இனத்தாரிடத்து ஒருவன் இயல்பாகக் காட்டும் பரிவே பின்னர் அதன் பொருளாயிற்று. எனவே அன்கைண்ட் என்பது, இருக்கவேண்டிய பரிவு இல்லாமையைச் சுட்டும். நோயுற்ற நண்பனைச் சென்று காணாதவனுக்கு இச்சொல் பொருந்தும். அவனைக் குரூவல் என்பது மிகையாம்.

ஹார்ஷ் என்பது சொரசொரப்பைக் குறித்த சொல். செவிக்கு இன்னாத ஓசைக்கும், கடுஞ்சொல்லுக்கும், அளவிறந்த தண்டனைக்கும் அது பின்னர் ஆயிற்று. இது செயலின் தன்மையைக் கூறுமேயன்றிச் செய்வோனின் உள்ளத்தைக் கூறாது. நன்மை கருதியவரும் இவ்வாறு பேசக்கூடும். எனினும் அளவு கடந்தது என்னுங் குறிப்பு இச்சொல்லில் உண்டு. அக்குறிப்பின்றிக் கண்டிப்பை மாத்திரம் உணர்த்தவேண்டின் ஸ்ட்ரிக்ட் என்பதே தக்க சொல்லாகும்.

கலஸ் என்பது, தடித்துக் காய்த்த தோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. மண்வெட்டி பிடித்து உழைப்போர் உள்ளங்கையிற் காய்ப்பு ஏறியிருத்தலை வன்னியில் வாழ்வோர் யாவரும் அறிவர். காய்த்த இடத்தில் முள் தைத்தாலும் உடனே உறைப்பதில்லை. அவ்வாறே பிறர் துயரைக் கண்டும் உறைக்காத உள்ளமுடையான் கலஸ் எனப்படுவான். காணாமற்போன மகனைத் தேடி மனுவோடு வந்து நிற்கும் தாயை நிமிர்ந்தும் பாராது, அடுத்த மாதம் வருமாறு கூறியனுப்பும் அலுவலர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாவார். அவர் துன்பஞ் செய்ய விரும்பினாரல்லர்; துன்பத்தைக் கண்டும் அசைந்தாரல்லர்.

குரூவல் என்னுஞ் சொல்லோ பச்சையானது, குருதி தோய்ந்தது எனப் பொருள்படும் இலத்தீன் அடியோடு உறவுடையது. நோவு உண்டாகுமென அறிந்தே செய்வதும், அந்நோவில் இன்புறுவதும் இதன்பாற் படும். மலிஷஸ் என்பது கேடுசூழும் எண்ணத்தைக் குறிப்பது. உரத்த சொல்லோ அடியோ இன்றி, சிரித்த முகத்தோடு கூறும் கோளும் மலிஷஸ் ஆகலாம்.

இவ்வேறுபாடுகளை உணர்த்தத் தமிழ் வளமற்றதோ எனின், அன்று. திருவள்ளுவர் கண்ணோட்டம், இன்னாசெய்யாமை, வெருவந்தசெய்யாமை, புறங்கூறாமை, கொடுங்கோன்மை எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்துள்ளார். கண்ணோட்டமின்மை என்பது கலஸ் என்பதற்கும், வன்சொல் என்பது ஹார்ஷ் ஆன பேச்சுக்கும் அணுக்கமானவை. கொடுமை என்பதற்கு வளைவு என்றும் ஒரு பொருளுண்டு. கொடுங்கோல் என்பது வளைந்த கோல், அஃதாவது முறை பிறழ்ந்த ஆட்சி. இத்தகைய சொல்லை எல்லாவற்றுக்கும் பொதுவாக்குதல் தமிழுக்கும் இழப்பேயாம்.

இது சொல்லாராய்ச்சியோடு முடியும் பொருளன்று. 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 5 ஆம் உறுப்புரையும், 1978 ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையும் சித்திரவதை, கொடூரம், மனிதத்தன்மையின்மை, இழிவுபடுத்தல் என்பவற்றை வெவ்வேறு சொற்களாற் கூறி விலக்குகின்றன. அதே 1978 இல், வட அயர்லாந்தில் தடுத்து வைக்கப்பட்டோர்மீது கையாளப்பட்ட ஐந்து விசாரணை முறைகள் மனிதத்தன்மையற்றவை, இழிவுபடுத்துவன, ஆயினும் சித்திரவதை அல்ல என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்த்தது. ஒரு சொல்லின் எல்லையே அவ்வழக்கின் முடிவாயிற்று. நம் நாட்டிலும் 2021 இல், ஆசிரியர் ஒருவர் மாணவனை அறைந்த வழக்கில் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்டிப்பு என்று நம்மிடையே நெடுங்காலம் வழங்கிய பெயர் ஆங்கே நிலைக்கவில்லை.

கடிந்துரைத்தவரைக் கொடியவர் என்பது அவருக்கு அநீதி. வதைத்தவனைக் கண்டிப்பானவன் என்பது வதைபட்டவனுக்கு அநீதி. இரண்டும் சொல்லறியாமையால் நேர்வன. ஆதலின் மாணவர் அகராதியில் முதலில் நிற்கும் பொருளோடு அமையாது, செய்தவனின் எண்ணம் யாது, செயலின் அளவு யாது, பட்டவனின் நோவு யாது என்னும் மூன்றையும் வினவி, அதன் பின்னரே சொல்லைத் தெரிவாராக.