இது யார் கூற்று?

எங்கள் ஒக்கூர்ப் பக்கத்துப் பேச்சில் ‘கூறு’ என்பது அன்றாடம் புழங்குகிற சொல். சந்தையில் கத்திரிக்காயைக் குவித்து வைத்துக் கூறு கட்டி விற்கிறார்கள். பங்காளிகள் நிலத்தைக் கூறு போடுகிறார்கள். சொன்னதை விளங்கிக்கொள்ளாமல் நிற்கிற பையனை என் அப்பத்தா “கூறு கெட்ட பயலே” என்று வைவார். பங்கு, பிரிவு, பிரித்தறியும் புத்தி எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

கூறுக்குப் பக்கத்தில் நிற்கும் கூற்று என்றால் பேச்சு. எமனுக்கும் அதுவே பெயர். உடலையும் உயிரையும் கூறுபடுத்துகிறவன் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். இன்று இந்தச் சொல் செய்தித்தாளில் தலைவர்களின் கூற்றாகவும், இலக்கண வகுப்பில் நேர்க்கூற்று, அயற்கூற்றாகவும் வாழ்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் ‘கூற்று – காரணம்’ வினாவைத்தான் சொல்வார்கள். தமிழாசிரியையாக இருந்த எனக்கு அது மட்டும் போதாது.

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளில் ஒன்றாகக் கூற்றை, அதாவது பாட்டில் பேசுகிறவர் யார் என்பதை, வைக்கிறது; அடுத்த உறுப்பு கேட்போர். காதலைப் பாடும் அகப்பாட்டில் யார் வேண்டுமானாலும் வாய் திறந்துவிட முடியாது. களவில், அதாவது மணத்துக்கு முந்திய மறைவான காதலில், பேசும் உரிமை ஆறு பேருக்கு: பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. மணவாழ்வாகிய கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகியோரும் சேர்வார்கள். ஊராருக்கும் அயலாருக்கும் தந்தைக்கும் தமையனுக்கும் நேரடிக் கூற்றே கிடையாது. அவர்கள் சொன்னதை மற்றவர் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. காதல் என்றால் அதிகம் பேசுகிறவர்கள் ஊராரும் வீட்டு ஆண்களும்தான். அவர்கள் வாயைத்தான் இலக்கணம் அடைத்திருக்கிறது. தொல்காப்பியத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பெயரிலேயே எங்கள் ஊரைச் சுமக்கும் சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரிடம் வருகிறேன். நாகப்பட்டினம் பக்கமும் ஓர் ஒக்கூர் உண்டு. ஆனாலும் எங்களுக்கு அவர் எங்கள் ஊர்க்காரர். அவர் பாட்டாகக் கிடைப்பவை எட்டு: குறுந்தொகையில் ஐந்து, அகநானூற்றில் இரண்டு, புறநானூற்றில் ஒன்று. குறுந்தொகை 275 தோழி கூற்று. கேட்கிற மணியோசை மாலையில் வீடு திரும்பும் மாட்டின் மணியா, வேலை முடித்துத் திரும்புகிறவனின் தேர்மணியா? வா, முல்லை படர்ந்த பாறை மேல் ஏறிப் பார்த்துவிட்டு வருவோம் என்கிறாள். இதைத் தலைவியே சொல்லியிருந்தால் ஏக்கத்தில் எழுந்த பிரமை என்று தோன்றும். தோழி சொல்வதால் அது சோர்ந்து கிடப்பவளைக் கைபிடித்து எழுப்புகிற குரலாகிறது.

அகநானூறு 384இல் கூற்றுக்குள் கூற்று. தேரில் ஏறியது தெரியும், வந்த வழி தெரியவில்லை. காற்றைப் பூட்டினாயா, உன் மனத்தையே பூட்டினாயா என்று தலைவன் பாகனிடம் வியக்கிறான். அதை நமக்குச் சொல்பவர்களோ அருகில் நின்று பார்த்த உழையர். புறநானூறு 279இல் இந்த வேடம் எதுவும் இல்லை. ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்பும் தாயைப் பற்றி மாசாத்தியாரே நேராகப் பேசுகிறார்.

ஏ. கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாட்டுகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது ‘அவள் சொன்னது’, ‘அவள் தோழி சொன்னது’ என்றே தலைப்பிட்டார். கூற்றைத் தலைவாசலில் வைத்தார். நம் பள்ளிகளிலோ அருஞ்சொற்பொருளை மனப்பாடம் செய்யவைத்து, யார் கூற்று என்று சொல்லும் துறைக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

சங்கப் பாட்டு கடினம் என்று ஒதுக்கி வைத்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குறுந்தொகையை எடுங்கள். பாட்டோடு சேர்த்து அச்சிட்டிருக்கும் துறைக் குறிப்பை முதலில் படித்து, யார் யாரிடம், எந்த நேரத்தில் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பாட்டை வாய்விட்டு வாசியுங்கள். அகராதியை அதற்கப்புறம் திறக்கலாம்.