டிராக்டர் ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்தால்... கல் வைத்தால் போதுமா? மாற்றுவது எப்படி?

ஊர்ப்பக்கம் போகும்போது இதைப் பார்த்திருப்பீர்கள். டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்குபவர், பக்கத்தில் கிடக்கும் கல்லைக் காலாலேயே பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளுவார். ‘ஹேண்ட் பிரேக் என்னாச்சுண்ணே?’ என்றால், ‘அது அறுந்து ரொம்ப நாளாச்சு, கியர்ல போட்டா நிக்கும்’ என்று பதில் வரும்.

நிற்கும்தான், ஆனால் எப்போதும் அல்ல. கியரில் போட்ட வண்டியைப் பிடித்து நிறுத்துவது சிலிண்டருக்குள் அடைபடும் காற்றின் அழுத்தம். ரிங் தேய்ந்த பழைய இன்ஜினில் அந்தக் காற்று கசியும். சரிவில் நிற்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நகரும். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. டீசலை நிறுத்தும் நாப் மறுபடி உள்ளே போயிருந்தால், வண்டி உருளும்போது இன்ஜினே ஸ்டார்ட் ஆகிவிடலாம்.

இதைவிட ஆபத்தானது பி.டி.ஓ. வேலை. கதிரடிக்கும் மெஷினையோ பம்பையோ நின்ற இடத்தில் ஓட்டும்போது இன்ஜின் ஓட வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். அப்போது டிராக்டரைப் பிடித்து வைத்திருப்பது பார்க்கிங் பிரேக் மட்டுமே. ஆட்கள் நிற்பதோ சரியாக அதன் பின்னால்!

கேபிள் ஏன் அறுகிறது?

எல்லா டிராக்டரிலும் கேபிள் இருக்காது. பல பழைய மாடல்களில் பிரேக் பெடலை மிதித்துக் கொக்கியில் மாட்டுவதுதான் பார்க்கிங் பிரேக். தனி லீவரும் கேபிளும் உள்ள வண்டிகளில், சைக்கிள் பிரேக்கில் இருக்கும் அதே சங்கதிதான், கொஞ்சம் தடிமனாக இருக்கும்: முறுக்கிய எஃகு இழைகள், மேலே ஓர் உறை. உறை வெடித்த இடத்தில் சேற்றுத் தண்ணீர் இறங்கி உள்ளே துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

லீவர் கனமே இல்லாமல் மேலே வந்தால் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது முனையில் இருக்கும் பின் கழன்றிருக்கலாம். முதலில் பின்னைப் பாருங்கள், செலவு மிச்சம். லீவர் அசையவே மறுத்தால் கேபிள் துருவில் இறுகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மாற்றும்போது...

சமதரை, இன்ஜின் ஆஃப், பின்னால் மாட்டியிருக்கும் கலப்பை தரையில், பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. இவ்வளவும் செய்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

பழைய கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது அதன் முனையில் ஒரு கயிறு கட்டி இழுத்தால், புதுசை அதே வழியில் கொண்டுவருவது சுலபம். கடைக்குப் பழைய கேபிளையே எடுத்துப் போங்கள். உள்கம்பியின் நீளம், உறையின் நீளம் இரண்டும் பொருந்த வேண்டும். ஒன்று மாறினாலும் அட்ஜஸ்ட்மென்ட் வராது. அறுந்ததை கிளிப் போட்டு ஒட்டவைக்கும் வேலை வேண்டாம். அந்த முடிச்சு உறைக்குள் நகராது.

புது கேபிள் சூடான சைலன்சரிலோ, சுழலும் பாகங்களிலோ உரசக் கூடாது. கூர்மையாக மடங்கவும் கூடாது. பின்களில் பழைய காட்டர் பின்னையே மாட்டாமல் புதுசு போடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது அட்ஜஸ்ட்மென்டில்தான். கால் பிரேக்கை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் கேபிள் நட்டை முறுக்க வேண்டும். ‘டைட்டா இருந்தா நல்லது’ என்று இழுத்துவைத்தால் ஓடும்போதும் பிரேக் உரசிச் சூடாகி, லைனிங் தேய்ந்துவிடும். லீவரை இறக்கியதும் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். தூக்கினால், லீவர் கடைசிப் பல்லுக்குப் போகும் முன்பே வண்டி நிற்க வேண்டும். அளவு மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் மேனுவலைப் பார்ப்பது உத்தமம்.

புது கேபிள் போட்டும் பிடிக்கவில்லையா? உலர் பிரேக் உள்ள பழைய வண்டிகளில் ஆக்சில் சீல் வழியாக ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

லேசான சரிவில், சீட்டில் உட்கார்ந்து, கால் பிரேக்குக்கு மேல் தயாராக இருக்கும்போதே சோதித்துப் பாருங்கள். புது கேபிள் ஆரம்பத்தில் கொஞ்சம் இழுபடும். சில நாள் ஓட்டிய பிறகு நட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருக்கும்.