ஈஸ்டர் லீவுக்கு மொம்பாசா

வெளிநாடு சென்று தொண்டு செய்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்று ஒரு படித்தொகை மட்டும் உண்டு. 1971-ல் வேலையைத் தொடங்கிய ஐ.நா. தொண்டர் திட்டத்திலும் இதுதான் ஏற்பாடு. ஆசிரியர், நர்சு, என்ஜினீயர், கணக்கர் என்று இந்தியர்களும் இப்படிப் போகிறார்கள்.

கென்யா நாட்டின் தலைநகர் நைரோபியில் இருக்கும் தொண்டருக்கு ஈஸ்டர் வந்தால் கொண்டாட்டம்தான். பெரிய வெள்ளி முதல் திங்கட்கிழமை வரை நாலு நாள் லீவு. கடலைப் பார்க்க மொம்பாசா போகலாம். ஆனால் சுற்றுலாக் கம்பெனி ஜீப்பில் போக அவருடைய படித்தொகை இடம் கொடுக்காது. ஊர் மக்கள் ஏறும் வண்டியில்தான் ஏற வேண்டும்.

திரும்பி வர டிக்கெட் உண்டா?

நைரோபிக்கும் மொம்பாசாவுக்கும் ரெயில் தூரம் 472 கிலோமீட்டர். சீனக் கடனில் சீனக் கம்பெனி போட்ட புதிய பாதையில் 2017-ம் ஆண்டு முதல் "மதராக்கா எக்ஸ்பிரஸ்" ஓடுகிறது. 1963 ஜூன் 1-ந்தேதி கென்யா சுயாட்சி பெற்ற நாளுக்கு "மதராக்கா தினம்" என்று பெயர். அதையே ரெயிலுக்கும் வைத்து விட்டார்கள். பயணம் சுமார் 5 மணி நேரம். ஊர் ஊராக நின்று போகும் வண்டியானால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும்.

சாதாரண வகுப்புக் கட்டணம் 1,000 ஷில்லிங்காக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் 1,500 ஆக்கினார்கள். முதல் வகுப்பு 3,000-ல் இருந்து 4,500 ஆனது. படித்தொகையில் வாழ்கிறவருக்குப் போக வர 1,000 ஷில்லிங் கூடுதல் என்பது சின்ன விஷயம் அல்ல.

பணத்தை விடப் பெரிய பாடு, இடம் கிடைப்பது. பொங்கலுக்கு ஊருக்குப் போக மும்பையில் டிக்கெட்டுக்கு நின்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விவரம் தெரிந்த தொண்டர், போகும் டிக்கெட்டுக்கு முன்னால் திரும்பும் டிக்கெட்டைத்தான் பார்ப்பார். செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வந்தாக வேண்டும். திங்கள் ரெயிலில் இடம் இல்லை என்றால் நெடுஞ்சாலை பஸ்தான் கதி. பண்டிகை நாளில் பஸ்காரர்கள் கட்டணத்தை ஏற்றி விடுவார்கள். அந்தச் சாலையில் இரவில் லாரிகளுக்கு நடுவே போவது ஆபத்தும்கூட. இரவு நேரச் சாலைப் பயணத்தைப் பல தொண்டு நிறுவனங்கள் தங்கள் ஆட்களுக்குத் தடை செய்திருக்கின்றன. கடலில் கால் நனைப்பதற்காக உயிரைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

மோப்ப நாய்க்கு முதல் மரியாதை

ரெயில் புறப்படும் சியோகிமாவ் நிலையம் நகருக்கு வெளியே இருக்கிறது. அங்கே போக நகரத்தின் உள்ளூர் ரெயில் உண்டு. இல்லாவிட்டால் "மட்டாட்டு" பிடிக்க வேண்டும்.

மட்டாட்டு என்பது நம் ஷேர் டாக்சிக்கு அண்ணன். பெரும்பாலும் 14 பேர் உட்காரும் வேன். "டாட்டு" என்றால் சுவாஹிலி மொழியில் மூன்று. ஆதியில் மூன்று பத்துக் காசு கொடுத்தால் ஏற்றிக்கொள்வார்களாம், அதனால் வந்த பெயர். 2004-ல் ஜான் மிச்சுக்கி என்ற போக்குவரத்து மந்திரி கடுமையான சட்டம் கொண்டு வந்தார். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சீட் பெல்ட், வண்டியைச் சுற்றி மஞ்சள் கோடு எல்லாம் அதில் வந்தவை. ஆனால் கட்டணத்தை எந்தச் சட்டத்தாலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. மழை பெய்தால் ஒரு விலை, பண்டிகை என்றால் ஒரு விலை. ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிலையத்தில் பைகளை எல்லாம் வரிசையாகத் தரையில் வைத்து விட்டு ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். மோப்ப நாய் வந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கும். அது முடிந்த பிறகுதான் பை நம்முடையது. டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப் போக வேண்டும்.

பழைய தண்டவாளம்

ரெயிலுக்குச் சுவாஹிலியில் "காரி லா மோஷி" என்று பெயர். "காரி" இந்தியில் உள்ள "காடி"யில் இருந்து போனது. "மோஷி" என்றால் புகை. அதாவது, புகைவண்டி!

வண்டி என்ற சொல் மட்டுமா போனது? ஓடும் ரெயிலின் ஜன்னல் வழியாகச் சில இடங்களில் பழைய ரெயில் பாதை தெரியும். அது நம்மூர் மீட்டர் கேஜ். எழும்பூர்-தாம்பரம் மின்சார ரெயில் 2004 வரை ஓடியதே, அதே அகலம். வெள்ளைக்கார அரசாங்கம் 1896-ல் மொம்பாசாவில் அந்த வேலையைத் தொடங்கியது. 1899-ல் தண்டவாளம் நைரோபியை எட்டியது. அப்போது அங்கே நகரம் இல்லை, வெறும் சதுப்பு நிலம். 1901-ல் விக்டோரியா ஏரி வரை போய் முடிந்தது. இதற்காக இந்தியாவில் இருந்து கப்பலில் ஏற்றப்பட்ட தொழிலாளர்கள் சுமார் 32,000 பேர். பெரும்பாலோர் பஞ்சாபிகள். சுமார் 2,500 பேர் உயிரோடு திரும்பவில்லை.

வழியில் வரும் சாவோ என்ற இடத்தில் 1898-ல் இரண்டு சிங்கங்கள் பாலம் கட்டியவர்களைக் கூடாரத்தில் இருந்து இழுத்துப் போய்த் தின்றன. வேலை நின்றே போனது. அந்த ஆண்டு டிசம்பரில் பாட்டர்சன் என்ற என்ஜினீயர் இரண்டையும் சுட்டுக் கொன்றார். பலியான இந்தியத் தொழிலாளர்கள் 28 பேருக்குக் குறையாது என்று அவர் எழுதி வைத்தார். பலியான ஆப்பிரிக்கர்களுக்குக் கணக்கே வைக்கவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். சிங்கங்களின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. செத்தவர்களின் பெயரை யாரும் தேடவில்லை.

இன்று அதே சாவோ பெரிய வனவிலங்குப் பூங்கா. புதிய பாதையை மேடாக்கி, யானைகள் கடந்து போக அடியில் வழி விட்டிருக்கிறார்கள். செம்மண்ணில் புரண்ட சிவப்பு யானைகளை ஜன்னலோர சீட்டில் இருந்து ஓசியில் பார்க்கலாம். ஜீப்பில் வருகிறவர்கள் இதற்கு எவ்வளவோ கொட்டிக் கொடுக்கிறார்கள்.

இளநீரும் மரவள்ளியும்

மொம்பாசா ஒரு தீவு. ரெயில் நிலையம் தீவுக்கு வெளியே மிரிட்டினியில் இருப்பதால், அங்கே இருந்து மறுபடியும் மட்டாட்டு. ஊருக்குள் போனால் சந்துகளில் ஓடுவது நம் ஆட்டோ ரிக்‌ஷா. பேர் "டுக் டுக்". பஜாஜ், டி.வி.எஸ். என்ற எழுத்தைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

1593-ல் போர்ச்சுக்கீசியர் கட்டத் தொடங்கிய "ஜீசஸ் கோட்டை" கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதன் பக்கத்துப் பழைய நகரத்தில் சுற்றக் காசு வேண்டாம். தெருவோரம் "மடாஃபு" விற்பார்கள். அது இளநீர். "முகோகோ" என்பது மரவள்ளிக் கிழங்கு. சுட்டோ பொரித்தோ மிளகாய்த் தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். ஒரு வேளைக்கு இது போதும். சப்பாத்தியும் சாயாவும் எங்கும் கிடைக்கும், அதே பெயரில்.

தெற்குக் கடற்கரைக்குப் போக லிக்கோனி படகுத்துறையில் கடக்கலாம். நடந்து ஏறுகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. லீவு நாளில் கூட்டம் மொய்க்கும். பக்கத்துத் துறையான மொட்டோங்வேயில் 1994 ஏப்ரல் 29-ந்தேதி அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 272 பேர் இறந்தார்கள். அது ஈஸ்டர் முடிந்து சில வாரங்களில் நடந்தது. கூட்டம் நெருக்கினால் அடுத்த படகுக்கு நிற்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை பிற்பகல் ரெயிலைப் பிடித்தால் இரவு நைரோபி. அந்த நேரத்தில் நிலையத்து வாசலில் மட்டாட்டுக்காரர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். "பெய் கானி?" (என்ன விலை?) என்று சுவாஹிலியில் கேட்கிறவருக்குக் கொஞ்சம் இறங்கும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசுக்குள் நுழைந்ததும், "எங்களுக்கு என்ன கொண்டு வந்தாய்?" என்று கேட்பார்கள். பயணம் போனவர் "சவாதி" கொண்டு வருவது அங்கே வழக்கம். சவாதி என்றால் அன்பளிப்பு. மொம்பாசா போனவர் கொண்டு வர வேண்டியது "ஹலுவா". மாவுச்சத்து, சர்க்கரை, நெய், ஏலக்காய் போட்டுக் கிண்டிய அல்வாதான். இருட்டுக்கடை வாசலில் நின்று வாங்கிய திருநெல்வேலிக்காரர்கள் அதை அல்வா என்று ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகம்.