செண்டோல் இழைகள் கரையாதது ஏன்?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், கெங் குவீ தெருவில் வெயில் ஏறியதும் செண்டோல் கடை முன் கூட்டம் சேர்ந்துவிடும். கிண்ணத்தில் துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், தென்னை வெல்லப் பாகு, வெந்த சிவப்பு பீன்ஸ். நடுவே வழுக்கும் பச்சை இழைகள். மாவால் ஆன இழைகள் பாலில் ஊறியும் கரைவதில்லையே, எப்படி?

அரிசி மாவையோ பச்சைப்பயறு மாவையோ நீரில் கரைத்துக் கிண்டும்போது, ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மாவுச்சத்து மணிகள் நீரைக் குடித்து உப்புகின்றன. அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் அவற்றிலிருந்து கசிகின்றன. சூடான அந்தக் களியை, ஓமப்பொடி பிழிவதுபோல், துளைத்தட்டு வழியே குளிர்ந்த நீரில் அழுத்துகிறார்கள். சூடு தணிந்ததும் சங்கிலிகள் பின்னிக்கொண்டு வலையாகின்றன. நீர் அதற்குள் சிறைப்படுகிறது. பச்சைப்பயறு மாவுச்சத்தில் அமைலோஸ் அதிகம். அதனால் அதில் செய்த இழை உறுதியாக நிற்கும்.

பச்சை நிறம் பாண்டான் இலையின் பச்சையம் தருவது. இலங்கைத் தமிழர் கறியில் போடும் ரம்பை இதுவே. இதன் மணத்துக்குக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின். பாஸ்மதி அரிசி மணப்பதும் இதே சேர்மத்தால்தான்.

பாகின் பழுப்புக்கும் வேதியியல் உண்டு. தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறமும் மணமும் பிறக்கின்றன. நம் பனங்கருப்பட்டியின் ருசிக்குப் பின்னாலும் இருப்பது இதே வினை. கடல் கடந்தாலும் அடுப்பின் விதி ஒன்றே!