புல் வெட்டிய எஞ்சின் பறக்கும் கதை

தென்னந்தோப்பிலோ சாலையோரத்திலோ தோளில் பிரஷ் கட்டரை மாட்டிக்கொண்டு ஒருவர் புல் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சரிவில் இறங்கினால் எஞ்சின் ஒருக்களிக்கும். வேலி ஓரத்தில் கிட்டத்தட்டக் கவிழ்ந்தே விடும். ஆனால் சத்தம் மாறாது. ஒரு பழைய மொபெட்டை இப்படிப் படுக்கவைத்துப் பாருங்கள். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழியும், கொஞ்ச நேரத்தில் எஞ்சினும் நின்றுவிடும்.

இந்த ஒரு வித்தியாசம் போதும், மாதிரி விமானம் செய்கிறவர்களின் காதைத் திருப்ப. குட்டிக்கரணம் போடும் விமானத்துக்கும் தலைகீழாக ஓடும் எஞ்சின்தானே வேண்டும்?

நரம்பைச் சுழற்றி வெட்டும் புல்வெட்டி பிறந்தது 1971-இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். கார் கழுவும் நிலையத்தில் சுழன்ற பிரஷ்களைப் பார்த்த ஜார்ஜ் பல்லாஸ், பாப்கார்ன் டப்பாவில் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தார். நடனப்பள்ளி நடத்தியவர் அவர், எஞ்சினியர் அல்ல. பின்னாளில் ஹோம்லைட், ரியோபி, மெக்கல்லக் என்று பல பெயர்களில் 21 முதல் 31 சிசி வரையிலான டூ-ஸ்ட்ரோக் எஞ்சினோடு புல்வெட்டிகள் அமெரிக்கத் தோட்டங்களை நிறைத்தன. தண்டு வளைந்தோ தலை உடைந்தோ மூலைக்குப் போனவையும் ஏராளம். அவற்றில் பலவற்றின் எஞ்சின் மட்டும் நன்றாகவே இருந்தது.

அதே காலத்தில் மாதிரி விமானங்களும் பெருத்துக்கொண்டே போயின. ஒற்றை இறக்கை விமானமென்றால் இறக்கை 80 அங்குலமாவது இருக்க வேண்டும் என்று தனிச் சங்கமே வைத்துக்கொண்டார்கள் பெரிய விமானப் பிரியர்கள். அதுவரை ஆண்டுகொண்டிருந்தவை மெத்தனால் குடிக்கும் எஞ்சின்கள். அவற்றில் தீப்பொறியே கிடையாது. பிளக்கில் இருக்கும் பிளாட்டினக் கம்பிச் சுருள் கனன்றபடியே எரிபொருளைப் பற்றவைக்கும். எளிமையானதுதான், ஆனால் செலவு அதிகம். ஒரே அளவு காற்றோடு எரிய, பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் அதிக எடையுள்ள மெத்தனால் வேண்டும். பெரிய விமானத்துக்கு அது கட்டுப்படியாகாது. புல்வெட்டிக்கோ, பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலும் கொஞ்சம் டூ-டி ஆயிலும் போதும்.

தலைகீழாக ஓடும் ரகசியம் கார்புரேட்டரில் இருக்கிறது. மொபெட்டில் பெட்ரோல் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்கும். மிதவை அதன் மட்டத்தைக் காக்கும். புல்வெட்டியில் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. பதிலுக்கு இரண்டு மெல்லிய சவ்வுகள். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸில் அழுத்தம் கூடிக் குறைகிறது அல்லவா? அந்தத் துடிப்பை வாங்கி ஒரு சவ்வு பம்ப்பாக வேலை செய்யும். இன்னொன்று, எஞ்சின் உறிஞ்சுகிற அளவுக்கு ஊசி வால்வைத் திறந்து பெட்ரோலை விடும். தொட்டிக்குள் கிடக்கும் குழாயின் முனையில் ஒரு எடை. பெட்ரோல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அதுவும் விழும்.

இனி ஸ்பேனரை எடுக்கலாம். கிளட்ச், பிளாஸ்டிக் மூடி, கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர், தொட்டி எல்லாவற்றையும் கழற்றி, பின்பக்கம் ஒரு தகடு போட்டு விமானத்தின் மூக்கில் பொருத்த வேண்டும். ப்ரொப்பல்லர் பிடிக்க ஓர் அலுமினியத் துண்டை லேத்தில் கடைய வேண்டும். கேட்க அவ்வளவுதான். கழற்றிய ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரியும்.

ஃப்ளைவீலை எடுத்துக்கொள்ளுங்கள். 16 அல்லது 18 அங்குல ப்ரொப்பல்லரே ஃப்ளைவீல் மாதிரி சுழலும் என்பதால் அதன் கனம் தேவையில்லை. அதிலுள்ள குளிர்விக்கும் விசிறி இதழ்களும் வேண்டாம். ப்ரொப்பல்லர் காற்று போதும், சிலிண்டர் இதழ்களின் ஊடே அதைத் திருப்பிவிட மூக்குக்குள் தடுப்பு வைத்தால் சரி. ஆனால் தீப்பொறிக்கான காந்தம் ஃப்ளைவீலில்தான் பதிந்திருக்கிறது. ஆகவே தூக்கி எறியாமல் கடைந்து இளைக்க வைப்பார்கள். சமநிலை பிசகினால் அதிர்விலேயே விமானத்தின் திருகுகள் கழன்றுவிடும்.

அந்தக் காந்தம் வேகமாகக் கடந்தால்தான் காயிலில் போதிய மின்னழுத்தம் பிறக்கும். கயிறு தந்த வேகத்தை, ப்ரொப்பல்லரைச் சுண்டும் கை தராது. அப்படியே பொறி வந்தாலும், அது பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னே வெடிக்கும்படி வைத்த பொறி. மெதுவாகச் சுற்றும்போது ப்ரொப்பல்லரை எதிர்த்திசையில் உதைத்துவிடும். விரல் ஜாக்கிரதை! பாட்டரியில் இயங்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்குப் பலர் மாறியது இதனால்தான். அது மெதுவான சுற்றில் பொறியைத் தாமதப்படுத்தும்.

சில எஞ்சின்களில் ப்ரொப்பல்லர் பொருத்த வசதியான பக்கத்திலிருந்து பார்த்தால் சுழற்சி தலைகீழாக இருக்கும். பிஸ்டனே துளைகளைத் திறந்து மூடும் டூ-ஸ்ட்ரோக்குக்குத் திசை ஒரு பொருட்டல்ல. ஃப்ளைவீலின் சாவிப் பள்ளத்தை இடம் மாற்றி வெட்டி, பொறியின் நேரத்தைத் திருத்தினால் மறுபக்கமாகவும் ஓடும். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கிராங்க் ஷாஃப்ட் விஷயத்தில் மட்டும் தந்திரம் பலிக்காது. தண்டைத் திருக மட்டுமே பிறந்தது அது. விமானம் சட்டென்று மூக்கைத் தூக்கும்போது, சுழலும் ப்ரொப்பல்லர் பம்பரத்தைப் போலத் திமிறி ஷாஃப்டை வளைக்கப் பார்க்கும். ஒரு பக்கம் மட்டும் பேரிங் தாங்கும் மலிவு எஞ்சின்களில் ஷாஃப்டே முறிவதும் உண்டு.

ரேடியோவின் தொல்லை வேறு. ஆரம்பகால வானொலிகள் தீப்பொறியைக் கொண்டே செய்தி அனுப்பின. அப்படியானால் ஸ்பார்க் பிளக்கும் ஒரு குட்டி ஒலிபரப்பிதானே? 72 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் அந்த இரைச்சலில் தடுமாறின. மின்தடை வைத்த பிளக், உலோக உறை, ரிசீவருக்கும் எஞ்சினுக்கும் முடிந்தவரை இடைவெளி என்று சமாளித்தார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகுதான் நிம்மதி.

நான் மிகவும் ரசித்தது ஒரு சின்னத் துளை. கார்புரேட்டர் சவ்வின் வெளிப்பக்கம் காற்றைத் தொட ஊசித்துளை ஒன்று இருக்கும். தரையில் கச்சிதமாக ஓடிய எஞ்சின், பறக்கும்போது பெட்ரோல் கலவை கலைந்து திணறும். எதிர்காற்று அந்தத் துளையில் மோதி அழுத்தத்தை மாற்றுவதே காரணம். அங்கே ஒரு குழாயைப் பற்றவைத்து, மறுமுனையை விமானத்தின் வயிற்றுக்குள் காற்று அசையாத இடத்தில் விட்டுவிடுவார்கள்.

இன்று இவ்வளவு பாடு தேவையில்லை. டிஎல்இ போன்ற சீன எஞ்சின்கள் விமானத்துக்கென்றே செய்யப்பட்டு, ஃப்ளைவீல் இல்லாமல், எலெக்ட்ரானிக் இக்னிஷனோடு பெட்டியில் வருகின்றன. பிரித்து மேசையில் வைத்து கார்புரேட்டரைத் திருப்பிப் பாருங்கள். புல்வெட்டியில் இருந்த அதே வால்ப்ரோ நிறுவன வகை. அதே இரண்டு சவ்வுகள், அதே ஊசித்துளை.