புரையேறாமல் வரும் ஆபத்து

தண்ணீர் குடிக்கும்போது சில சமயம் புரையேறுகிறது. "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று சொல்லித் தலையில் தட்டுவார்கள் வீட்டுப் பெரியவர்கள். நினைத்தவர் யாரோ, நமக்குத் தெரியாது. தொண்டையில் நடந்ததை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். உணவுக்குழலுக்குப் போக வேண்டிய நீரில் சில துளிகள் வழிதவறிக் குரல்வளைப் பக்கம் போய்விட்டன. அவற்றை வெளியே தள்ளுவதற்காகவே அந்த இருமல். ஆகவே, புரையேறுவது நமக்குப் பாதுகாப்பு. துளிகள் உள்ளே போயும் இருமல் வராவிட்டால் என்ன ஆகும்? பக்கவாத நோயாளிகள் பலரின் நிலை இதுதான்.

உங்கள் தொண்டை மேட்டில் ஒரு விரலை வைத்து, எச்சிலை விழுங்கிப் பாருங்கள். மேடு மேலெழுந்து இறங்குவதை விரல் உணரும். அந்த ஏறக்குறைய ஒரு வினாடிக்குள் மூச்சு நிற்கிறது. குரல்வளை மேலேறி முன்னே நகர்கிறது. குரல்வளை மூடி கவிகிறது. குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன. உணவுக்குழலின் வாய் திறக்கிறது. மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் 12 இணை நரம்புகளில் 5 இணை இந்த வேலையில் பங்கு கொள்கின்றன. முகுளத்தில் உள்ள நரம்பு மையம் இவற்றை ஒழுங்குபடுத்துகிறது.

மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. கை கால் விழுந்துவிட்டது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். விழுங்கும் தசைகள் தளர்ந்திருப்பது தெரியாது. நோய் தாக்கிய முதல் நாட்களில் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு விழுங்குவதில் கோளாறு இருக்கிறது. சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சியும் மங்கிவிடுவதால் இருமல் எழுவதில்லை. உறவினர் அன்போடு கொடுக்கும் ஒரு வாய்க் காப்பி ஓசையின்றி நுரையீரலுக்குள் இறங்கி, நிமோனியாவுக்கு வழிவகுக்கலாம். பக்கவாதத்தில் தப்பியவர் இந்த நிமோனியாவில் இறப்பதுண்டு.

பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து, எக்ஸ்-கதிர் மூலம் அதன் போக்கைத் திரையில் பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும். ஆனால் நள்ளிரவில் வந்து சேரும் நோயாளிக்கு அந்த வசதியோ, விழுங்குதலை ஆராயும் பேச்சுச் சிகிச்சை நிபுணரோ உடனே கிடைப்பது அரிது. படுக்கையருகே எந்நேரமும் இருப்பவர் செவிலியர்தான். எனவே முதற்சோதனை அவர் கைக்கு வந்தது.

கனடாவின் டொரன்டோ நகரில் ரோஸ்மேரி மார்ட்டினோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2009இல் வெளியிட்ட முறை இத்தகையது. நோயாளி விழித்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் "ஆ" என்று சொல்லச் செய்து குரலைக் கேட்கிறார் செவிலியர். நாவின் அசைவைப் பார்க்கிறார். பிறகு தேக்கரண்டியால் தண்ணீர் கொடுக்கிறார், ஒவ்வொன்றாகப் பத்து முறை. ஒவ்வொரு முறையும் மீண்டும் "ஆ". கடைசியில் கோப்பையிலிருந்து குடிக்கச் செய்கிறார். இருமல், வாயிலிருந்து நீர் ஒழுகுதல், குரல் மாற்றம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் சோதனையை நிறுத்திவிட வேண்டும். நிபுணர் பார்க்கும்வரை வாய்வழியே மாத்திரைகூடக் கிடையாது.

இதில் கடினமானது குரல் மாற்றத்தைக் கண்டுபிடிப்பதுதான். குரல் நாண்களின்மேல் நீர் தங்கினால், கொப்பளித்துக்கொண்டே பேசுவதுபோல் ஓர் ஈரக் குரல் வரும். அதைப் புத்தகத்தில் படித்துப் பயனில்லை. காது பழக வேண்டும். பழகிய காதும் பயிற்சி விட்டுப்போனால் மந்தமாகிவிடும். வேலை நெருக்கடியில் பத்துக் கரண்டி மூன்றாகக் குறையும். சிலர் பழைய வழக்கப்படி தொண்டையைக் குச்சியால் தொட்டு, குமட்டல் வருகிறதா என்று பார்ப்பார்கள். அது நம்பத்தகாத வழி. நல்ல உடல்நலமுள்ளவர்களிலேயே பலருக்கு அந்தக் குமட்டல் வருவதில்லை. கோளாறு உள்ளவரைத் தேறியவர் என்றால் நிமோனியா வரலாம். நன்றாக இருப்பவரைத் தவறியவர் என்றால் அவர் வீணாகத் தாகத்தில் கிடப்பார்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் கவனிக்கச் சில பிரிவுகளின் செவிலியருக்குப் பயிற்சியும் நினைவூட்டலும் தரப்பட்டன. 90 நாட்களுக்குப் பின் இறந்தோரும் பிறர் உதவியின்றி வாழ முடியாதோரும் அப்பிரிவுகளில் 42 சதவீதம். மற்றவற்றில் 58 சதவீதம். இந்தப் பலன் மூன்று கவனிப்புகளும் சேர்ந்து தந்தது என்பதை மறக்கக்கூடாது. விழுங்கும் சோதனை நடந்தது பயிற்சி பெற்ற பிரிவுகளில் 46 சதவீதம் பேருக்கு, மற்றவற்றில் 7 சதவீதம் பேருக்கு. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் பாதிக்குக் குறைவு! ஒருமுறை வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்தால் போதும் என்போர் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

நின்ற இதயத்தை இயக்க மார்பை அழுத்தும் முதலுதவியில், கற்ற திறமை சில மாதங்களிலேயே குறையத் தொடங்குவது தெரிந்த செய்தி. அங்கே ஆண்டுக்கொரு நீண்ட வகுப்பைவிட, அடிக்கடி நடக்கும் சிறு பயிற்சிகள் பயன் தருகின்றன. விழுங்கும் சோதனைக்கும் அதே வழிதான் பொருந்தும். ஒரு செவிலியர் செய்ய மற்றொருவர் கூர்ந்து பார்க்கலாம். பதிவு செய்த ஈரக் குரல்களை அவ்வப்போது கேட்கலாம். என் எண்ணத்தில் எல்லாவற்றிலும் சிறந்தது இது: செவிலியரும் நிபுணரும் ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் ஒரே நோயாளியைச் சோதித்து, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது. காது எங்கே ஏமாந்தது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சோதனையில் தவறியவர்களில் பலருக்கு ஓரிரு வாரங்களில் விழுங்கும் திறன் திரும்பிவிடுகிறது. அவர்களுக்கு மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வாய்வழியே உணவு தொடங்கலாமா என்பது மறுசோதனையில்தான் தெரியும். அப்போதும் அதே தேக்கரண்டி, அதே "ஆ".