பல்லவருக்கு முன்பே மாமல்லபுரம் வந்த ரோமானியச் சில்லறை!

மாமல்லபுரம் என்றதும் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், பல்லவர் உளி இங்கே பாறையைத் தொடுவதற்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே அச்சான காசு ஒன்று இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. ரோமானியப் பேரரசர் தியோடோசியஸின் காசு அது. காலம், கி.பி. 4-ம் நூற்றாண்டு.

மிளகுக்கும் முத்துக்கும் விலையாக ரோமானியத் தங்கமும் வெள்ளியும் தமிழகம் வந்த கதை பலரும் கேட்டதுதான். அந்தப் பிற்காலத்திலோ, இங்கே வந்தவற்றில் செப்புக்காசுகளே அதிகம். செம்பு என்றால் சில்லறை. மாலுமி மடியில் முடிந்துவைத்திருக்கும் காசு!

அதற்கு முன்பு, ரோமானியப் பேரரசின் கிழக்கே சில்லறை என்பது ஊருக்கு ஊர் வேறு. எபேசஸ், ஸ்மிர்னா போன்ற கிரேக்க நகரங்கள் தாங்களே வெண்கலக் காசு அடித்துக்கொண்டன. முன்பக்கம் பெரும்பாலும் பேரரசர் தலை. பின்பக்கம் ஊர்த் தெய்வமோ, கோயிலோ, ஆறோ. எழுத்து கிரேக்கம். செங்கல்பட்டு நகராட்சி கொளவாய் ஏரி படம் போட்டுக் காசு அடித்தால் எப்படியிருக்கும், அப்படி! சொந்த வட்டாரத்தைத் தாண்டினால் மவுசு குறைவு. 3-ம் நூற்றாண்டில் வெள்ளிக்காசில் வெள்ளி குறைந்து, விலைவாசி எகிற, ஊர்க்காசுகள் நின்றுபோயின. பிறகு அந்தியோக்கியா, அலெக்சாண்டிரியா போன்ற அரசு அக்கசாலைகளில் ஒரே மாதிரிச் சில்லறை அச்சானது. தியோடோசியஸ் காசு இந்தப் புது வகை.

கரூர் அமராவதி ஆற்றிலோ ரோட்ஸ், கிரீட் போன்ற கிரேக்கப் பகுதிகளின் காசுகளே கிடைத்துள்ளன. நாணயவியல் அறிஞர் இரா.கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாற்று முகத்துவாரம் அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது உறைகிணறுகளும், ஒயின் கொண்டுவரும் ரோமானிய ஜாடித் துண்டுகளும் வெளிப்பட்டன.

இந்தச் சில்லறைக்கு எதிரி, நம் வீட்டுப் புளி! செப்புக்குடம் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்தால் பச்சைப்பாசியோடு எழுத்தும் போய்விடும். அதிலும் பின்பக்கம் அடியில் இருக்கும் இரண்டு மூன்று எழுத்துகள்தான் காசு எந்த ஊர் அக்கசாலையில் அச்சானது என்று சொல்பவை. அவை அழிந்தால் அது வெறும் செப்புத் தகடு.

எனவே மண்ணில் பழங்காசு தட்டுப்பட்டால் கழுவாமல், தேய்க்காமல் தாசில்தாரிடமோ கலெக்டர் அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே தகவல் தர வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம். கிடைத்த இடத்தையும் குறித்துவைப்பது நல்லது. ஆய்வாளர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.